பதினான்கு சரிபார்ப்புகள் மூன்றான விதம்: ஃபோர்டின் பணப்பட்டுவாடா பிரிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க கார் தொழில் கடும் சரிவில் இருந்தது. செலவைக் குறைக்க ஃபோர்டு நிறுவனம் ஒவ்வொரு பிரிவாக அலசியபோது, சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் கணக்குப் பிரிவின் முறையும் வந்தது. வட அமெரிக்காவில் மட்டும் அந்தப் பிரிவில் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். வேலைமுறையை ஒழுங்குபடுத்தி, புதிய கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டால் 20% ஆட்களைக் குறைத்து 400-க்குக் கொண்டுவரலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. அந்த நேரத்தில்தான் ஜப்பானிய கார் நிறுவனமான மஸ்தாவைப் பார்த்தார்கள். 1979-லிருந்து ஃபோர்டுக்கு மஸ்தாவில் சுமார் 25% பங்கு இருந்ததால் உள்ளே போய்ப் பார்ப்பது எளிது. அங்கே அதே வேலையைச் செய்தவர்கள் மொத்தம் 5 பேர்.

மஸ்தா சிறிய நிறுவனம்தான். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஃபோர்டின் பிரிவு இருக்க வேண்டிய அளவைப் போல 5 மடங்கு பெருத்திருந்தது. முடிவில் ஃபோர்டு குறைத்தது 20% அல்ல, 75%. இந்த நிகழ்வை மேலாண்மை எழுத்தாளர் மைக்கேல் ஹேமர் 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பிறகு, அது மேலாண்மை வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் உதாரணமாகிவிட்டது. ஆனால் சொல்லும்போது பெரும்பாலும் 500, 5, 75% என்ற மூன்று எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் படிக்க வேண்டியது, பணம் தரும் முன் செய்த 14 சரிபார்ப்பு எப்படி 3 ஆயிற்று என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் வேலைமுறை, தரவு, மென்பொருள், கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைக்கும் துறையை இன்று நிறுவனக் கட்டமைப்பு (என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்) என்கிறோம். அதன் சாரம் அந்த மாற்றத்துக்குள் இருக்கிறது.

பழைய முறை

கொள்முதல் பிரிவு பர்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) எழுதும். ஒரு நகல் சப்ளையருக்கு, ஒரு நகல் கணக்குப் பிரிவுக்கு. சரக்கு வந்ததும் அதை வாங்கி வைக்கும் பிரிவு (ஸ்டோர்ஸ்) ஒரு வரவுச் சீட்டு போட்டு, அதன் நகலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும். சப்ளையர் தன் பங்குக்குப் பணம் கேட்டு பில், அதாவது இன்வாய்ஸ், அனுப்புவார். மூன்று காகிதங்களும் மூன்று திசையிலிருந்து, வெவ்வேறு நாளில், ஒரே மேசைக்கு வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 14 விவரங்களை ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் பணம் போகும்.

ஒத்துப்போன ஆர்டர்கள் யாருக்கும் தொல்லை தரவில்லை. அந்தப் பிரிவின் நேரத்தைத் தின்றது ஒத்துப்போகாதவைதான். ஒரு முரண் வந்தால் அந்த ஆர்டர் முழுக்க நிற்கும். குமாஸ்தா கொள்முதலைக் கேட்க வேண்டும், ஸ்டோர்ஸைக் கேட்க வேண்டும், சப்ளையருக்கு எழுத வேண்டும், அதற்கென இன்னும் சில காகிதங்கள் பிறக்கும்.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடும். கீழே உள்ளவை ஃபோர்டின் எண்கள் அல்ல, விளக்கத்துக்காக எடுத்தவை. ஒவ்வொரு விவரமும் 99% தடவை ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் குறை சொல்ல முடியாத துல்லியம்தான். ஆனால் 14 விவரமும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டுமென்றால் 0.99-ஐ 14 முறை பெருக்க வேண்டும்: 0.869. அதாவது 1000 ஆர்டரில் 131 சிக்கிக்கொள்ளும். ஒன்றை விசாரிக்க 40 நிமிடம் என்றால் 87 மணி நேரம். இதே துல்லியத்தில் 3 விவரத்தை மட்டும் ஒப்பிட்டால் சிக்குவது 30, விசாரணைக்கு ஆவது 20 மணி நேரம். யாரும் கூடுதல் கவனமாக வேலை பார்க்கவில்லை, வேகமான கம்ப்யூட்டரும் வரவில்லை. ஒப்பிட வேண்டிய இடங்கள் குறைந்தன, அவ்வளவுதான்.

20% இலக்கை மட்டும் வைத்திருந்தால் ஃபோர்டு செய்திருக்கக்கூடியது, அந்த 131 ஆர்டரையும் குமாஸ்தா சீக்கிரம் விசாரிக்கத் திரையும் தேடும் வசதியும் கொடுப்பது. இன்றும் பல ஆட்டோமேஷன் திட்டங்கள் இதைத்தான் செய்கின்றன. இன்வாய்ஸை ஸ்கேன் செய்து எழுத்துகளைப் படிக்க வைத்து, முரணைச் சிவப்பில் காட்டி, அதை ஒருவரின் இன்பாக்ஸில் போடுகிறார்கள். முரண் பிறக்கும் இடம் அப்படியே இருக்கிறது.

புதிய முறை

கொள்முதல் பிரிவு ஆர்டரை ஆன்லைன் டேட்டாபேஸில் பதிகிறது. யாருக்கும் உள் நகல் கிடையாது. சரக்கு வந்ததும், இறக்கும் இடத்தில் இருப்பவர் திரையில் அதற்குரிய நிலுவை ஆர்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் சரக்கை ஏற்றுக்கொண்டு அங்கேயே பதிகிறார். இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புகிறார். ஆர்டரையும் வரவையும் கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் செக்கைத் தயார் செய்கிறது. ஒப்பிடுவது மூன்றை மட்டும்: பாகத்தின் எண், அளவின் அலகு, சப்ளையர் குறியீடு. இன்வாய்ஸ் அனுப்ப வேண்டாம் என்று சப்ளையர்களிடமே சொல்லிவிட்டார்கள்.

மீதி 11 எங்கே போயின என்று கேட்க வேண்டும். விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் விலை இரண்டு இடத்தில் பிறந்தது: கொள்முதல் பி.ஓ.வில் எழுதியது, சப்ளையர் இன்வாய்ஸில் எழுதியது. இருவர் தனித்தனியாக எழுதும் எதுவும் என்றாவது ஒரு நாள் வேறுபடத்தான் செய்யும். புதிய முறையில் விலை பி.ஓ.வில் மட்டும்தான் இருக்கிறது, ஒப்பிட இன்னொன்று இல்லை. அளவு, இறக்குமிடத்தில் எண்ணியது மட்டும். இது இரண்டையும் பெருக்கினால் கொடுக்க வேண்டிய தொகை. எந்தப் பொருள், எப்படி எண்ணியது, யாருக்குப் பணம் என்ற மூன்றும் சரியாக இருந்தால் இந்தப் பெருக்கலை நம்பலாம். அதனால்தான் அந்த மூன்று மிஞ்சின.

கட்டமைப்பாளர் இதை ஒரு சின்னக் கட்டத்தில் பார்ப்பார். இடதுபக்கம் தரவுகள்: பாக எண், விலை, அளவு, அலகு, சப்ளையர், வரி, பணம் தரும் கெடு. மேலே பிரிவுகள்: கொள்முதல், ஸ்டோர்ஸ், கணக்கு, சப்ளையர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பிரிவு அந்தத் தரவை உருவாக்குகிறதா, படிக்கிறதா, திருத்துகிறதா என்று குறிக்க வேண்டும். ஒரு வரிசையில் 'உருவாக்குகிறது' இரண்டு முறை வந்தால், எங்கேயோ ஒரு குமாஸ்தா அந்த இரண்டையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு பிரிவில் ஆட்கள் ஏன் இத்தனை பேர் என்று தேட இதைவிட வேகமான கருவி கிடையாது. அரை நாளில் போட்டுவிடலாம்.

ஃபோர்டு இதைச் செய்தபோது இந்தத் துறைக்குப் பெயரே உறுதியாகவில்லை. இந்தத் துறையின் முன்னோடியான ஜான் ஸாக்மேனின் சட்டகம் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் வந்தது 1987-ல், இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வழிமுறையான டோகாஃபின் (TOGAF) முதல் பதிப்பு 1995-ல். வணிகம், தரவு, மென்பொருள், தொழில்நுட்பம் என்று நாம் இன்று பிரிக்கும் நான்கு அடுக்கையும் ஃபோர்டின் மாற்றம் தொட்டது. விதி மாறியது வணிக அடுக்கில். 'இன்வாய்ஸ் வந்தால் பணம்' என்பது 'சரக்கு வந்தால் பணம்' ஆயிற்று. ஒவ்வொரு தரவுக்கும் ஒரே பிறப்பிடம் வந்தது தரவு அடுக்கில். மென்பொருளும் டெர்மினல்களும் அந்த இரண்டுக்கும் பின்னால் வந்தன. பல நிறுவனங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, மென்பொருளை முதலில் வாங்கிவிட்டு, பிறகு விதியைப் பற்றிப் பேச உட்காருகின்றன.

எங்கே கவிழும்

இதே மாற்றத்தை இன்று ஈ.ஆர்.பி. மென்பொருள்கள், அதாவது கொள்முதல், ஸ்டோர்ஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்கள், தயாராகவே தருகின்றன. அவற்றில் ஒன்றான எஸ்.ஏ.பி.யில் இதற்கு 'எவால்யுவேட்டட் ரிசீப்ட் செட்டில்மென்ட்' என்று பெயர். சப்ளையர் பதிவில் இதற்கான குறி இருக்க வேண்டும். சரக்கு வரவை வைத்துச் சரிபார்க்கும் வகையில் ஆர்டர் இருக்க வேண்டும். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எந்த வரி (டாக்ஸ்) என்ற குறியீடு வேண்டும். விலை தோராய விலையாக இருக்கக் கூடாது. இந்த நான்கையும் சரிசெய்தால் மென்பொருள் ஓடிவிடும். ஆனால் மென்பொருள் ஓடுவதை வைத்து முறை சரியாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கவிழும் இடங்கள் வேறு.

முதலாவது, அலகு. ஒரு லாரி வந்து நிற்கிறது. டெலிவரி சீட்டில் '12 பெட்டி' என்று இருக்கிறது. பி.ஓ.விலும் 12, அலகு பெட்டி, விலை ஒரு பெட்டிக்கு. ஸ்டோர்ஸில் இருப்பவர் பொறுப்பானவர். பெட்டியைப் பிரித்து எண்ணுகிறார், பெட்டிக்கு 12 வீதம் 144. அதைத் திரையில் அடிக்கிறார். பழைய முறையில் சப்ளையரின் இன்வாய்ஸ் 12 பெட்டிக்கு வந்து, முரண் கணக்குப் பிரிவில் பிடிபட்டிருக்கும். இப்போது இன்வாய்ஸ் இல்லை. 12 பெட்டிக்குப் பதில் 144 பெட்டிக்கான பணம் போகும். ஆர்டர் அளவை மீறி வரவு போடக் கூடாது என்ற வரம்பு இருந்தால் இது நிற்கும். ஆனால் வருடம் முழுக்க 5000 பெட்டி, தேவைப்படும்போது அனுப்பு என்ற வகை ஆர்டரில் 144 சாதாரணமாக உள்ளே போய்விடும். அதனால் வரம்பை ஆர்டரின் மொத்தத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வரவுக்கும் வைக்க வேண்டும்.

திரையின் வடிவமைப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்டர் அளவைத் திரையில் காட்டினால், அவசரத்தில் இருப்பவர் எண்ணாமலே அந்த எண்ணை ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுவார். காட்டாவிட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும். ஆகவே அலகைப் பெரிதாகக் காட்டுங்கள், அளவை மறையுங்கள். அடித்தது 144 என்றால், '144 பெட்டி, அதாவது 1728 உருப்படி, சரியா?' என்று திரை கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு ஆகும் 2 விநாடியைச் சேமிக்கப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம். ஆர்டர் இல்லாத சரக்கைத் திருப்பு என்பது காகிதத்தில் எளிய விதி. அந்தப் பாகம் இல்லாமல் மதியம் உற்பத்தி வரிசை நின்றுவிடும் என்றால், மேலாளர் ஓடி வந்து 'இறக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பார். இது ஒரு வாரத்தில் மூன்று முறை நடந்தால் விதி செத்துவிட்டது. இதற்கு ஒரு அவசர வழியை முதல் நாளிலிருந்தே வைத்துவிடுவது நல்லது. சரக்கு தனியாகக் கோடு போட்ட இடத்தில் இறங்கட்டும், கணக்கில் வரக் கூடாது, கொள்முதல் பிரிவு 4 மணி நேரத்துக்குள் ஆர்டர் போட வேண்டும். அப்படி இறங்கிய ஒவ்வொன்றும் கொள்முதல் பிரிவின் பெயரில் எண்ணப்பட்டு வாரந்தோறும் மேலே போக வேண்டும். பிழை பிறந்த இடத்தில் எண்ணினால்தான் அது குறையும். ஸ்டோர்ஸின் பெயரில் எண்ணினால், அவர்கள் பதியாமலேயே இறக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, சப்ளையர் குறியீடு. ஒரே சப்ளையர் இரண்டு குறியீட்டில் இருந்தால், ஒரு சரக்குக்கு இரண்டு முறை பணம் போகும் வழி திறந்திருக்கிறது. மாற்றத்துக்கு முன் வரி எண், வங்கிக் கணக்கு எண், முகவரி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று ஒத்துப்போகும் பதிவுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. இதைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கிய திட்டத்துக்கு மீட்சி இல்லை.

நான்காவது, தொழில்நுட்ப அடுக்கில் நடக்கும் ஒரு சத்தமில்லாத மாற்றம். முன்பு இறக்குமிடத்து டெர்மினல் படுத்தால் சீட்டை எழுதி வைத்து மாலையில் அடிப்பார்கள். இப்போது அது படுத்தால் லாரிகள் வாசலில் நிற்கும். மூன்றாம் தர முக்கியத்துவத்தில் இருந்த ஒரு சிஸ்டம் ஒரே நாளில் முதல் தரத்துக்கு வந்துவிட்டது. சர்வர் பராமரிப்பு நேரம், நெட்வொர்க்கின் மாற்றுவழி, உதவி எண்ணில் யார் எடுப்பார்கள் என்பதெல்லாம் மாற வேண்டும். மாற்று ஏற்பாடாக, காலை ஒவ்வொரு நாளும் நிலுவை ஆர்டர் பட்டியலை அச்செடுத்து வைப்பது பழைய உத்தி, இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

கட்டுப்பாடு குறையவில்லை, இடம் மாறியது

தணிக்கையாளர்கள் முதலில் கேட்பது, மூன்று காகிதத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் மோசடி எளிதாகாதா என்பது. நியாயமான கேள்வி. ஆர்டர் போடுபவரும் சரக்கு வாங்குபவரும் ஒருவராக இருந்தால் எளிதாகத்தான் ஆகும். எனவே மூன்று வேலையை மூன்று பேரிடம் பிரிக்க வேண்டும்: ஆர்டர், வரவு, சப்ளையரின் வங்கி விவரத்தை மாற்றுவது. கடைசியது மிக முக்கியம். அதோடு, வந்த சரக்கில் சிலவற்றை வேறொருவர் முன்னறிவிப்பின்றி மறுபடி எண்ண வேண்டும். ஒரே டெலிவரி சீட்டு எண் இரண்டு முறை பதிவானால் சிஸ்டம் தடுக்க வேண்டும். திருப்பி அனுப்பிய சரக்கும் உடைந்த சரக்கும் கழித்தல் வரவாக அன்றே பதிவாக வேண்டும், ஏனென்றால் அதை நினைவூட்ட இனி எந்த இன்வாய்ஸும் வராது.

வரியைப் பற்றி ஒன்று. மதிப்புக் கூட்டு வரி உள்ள நாடுகளில், வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) திரும்பப் பெற இன்வாய்ஸ் தேவை. அங்கே இன்வாய்ஸே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் வாங்குபவரே சப்ளையரின் பெயரில் இன்வாய்ஸ் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு வரி ஆணை, இருவரும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தால் இதற்கு இடம் தருகிறது. அது முடியாத இடத்தில் இன்வாய்ஸை வரி ஆவணமாக மட்டும் வாங்கி வைத்து, பணம் தரும் முடிவை வரவின் அடிப்படையில் எடுக்கலாம். அப்போதும் பெரும்பாலான பலன் கிடைக்கும்.

மாற்றும் வாரம்

அளப்பதில் தொடங்குங்கள். மூன்று மாதப் பணப்பட்டுவாடாவை எடுத்து, முழு ஆர்டராக அல்லாமல், ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்குமான பதிவாகப் பாருங்கள். ஒரு ஆர்டரில் 20 பதிவு இருக்கும், ஒரு பதிவுக்கு நான்கு தவணையாகச் சரக்கு வரும். ஆர்டரை அலகாக வைத்தால் எல்லாமே சிக்கலாகத் தெரியும், எதுவும் புரியாது. சிக்கிய ஒவ்வொன்றையும் விலை, அளவு, அலகு, வரவு இல்லை, ஆர்டர் இல்லை, இரட்டைப் பதிவு, போக்குவரத்துக் கட்டணம் என்று காரணப்படி பிரியுங்கள். கைவேலைக்கு ஆன நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பல சமயம் அதிர்ச்சி தரும். ஹேமரும் அவருடைய சக எழுத்தாளர் ஜேம்ஸ் சாம்பியும் சொன்ன ஐ.பி.எம். கிரெடிட் (ஐ.பி.எம். வாடிக்கையாளர்களுக்குக் கடன் தரும் நிறுவனம்) நிகழ்வில், சராசரியாக 6 நாள் எடுத்த ஒரு கடன் விண்ணப்பத்தின் மீது உண்மையில் கை பட்ட நேரம் 90 நிமிடம்.

பிறகு ஒரே ஒரு சப்ளையர் குழுவோடு தொடங்கலாம். நிலையான விலை, அடிக்கடி வரும் சரக்கு, எண்ண எளிதான பொருள். தங்கம், ரசாயனம் போல விலை தினமும் நகரும் பொருள்களும், இறக்குமிடமே இல்லாத சேவை ஒப்பந்தங்களும் இந்த முறைக்குப் பொருந்தாது, அவற்றை வெளியே விடுங்கள். மாறும் தேதியை ஆர்டரின் தேதியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் போட்ட ஆர்டர்கள் கடைசி வரை பழைய வழியிலேயே போகட்டும். இன்வாய்ஸ் தேதியை வைத்துப் பிரித்தால், ஒரே ஆர்டருக்கு வரவின் மூலம் ஒரு முறையும் இன்வாய்ஸின் மூலம் ஒரு முறையும் பணம் போகும். பழக்கத்தில் சப்ளையர்கள் சில மாதம் இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். புதிய வகை ஆர்டரின் எண்ணோடு வரும் இன்வாய்ஸைச் சிஸ்டமே ஏற்க மறுக்க வேண்டும்.

நிதிப் பிரிவிடம் முன்பே பேசிவிடுங்கள். பணம் தரும் கெடு முன்பு இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓடியது, இப்போது வரவுத் தேதியிலிருந்து ஓடும். சிக்கிக்கொண்டு தாமதமான பணமெல்லாம் இனி சரியான நாளில் வெளியே போகும். முதல் இரண்டு மாதம் கையிருப்பு இறங்கும். இது தெரியாத நிதி மேலாளர் திட்டத்தையே நிறுத்தச் சொல்வார்.

ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் சமரசம் கூடாது. 'இத்தனை பேரைக் குறைக்கப் போகிறோம்' என்ற எண் முதலில் வெளியே வந்தால், எந்த முரண் ஏன் வருகிறது என்பதை 15 வருடமாகக் கையால் தீர்த்துவரும் அந்தக் குமாஸ்தாக்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த அறிவு எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதற்கு நேர்மையான பதிலோடு போனால்தான் காரணப் பட்டியல் உண்மையாக இருக்கும்.

ஃபோர்டு இதோடு நிற்கவில்லை. லாரிகளுக்கு பிரேக் தரும் ஒரு சப்ளையரிடம், பிரேக் வந்தவுடன் அல்ல, அது பொருத்தப்பட்ட லாரி உற்பத்தி வரிசையை விட்டு வெளியே வரும்போது பணம் தருகிறோம் என்றது. அதுவரை அந்தப் பிரேக் சப்ளையருடையது. இப்போது வரவைக்கூடப் பதிய வேண்டாம். வெளியே வந்த லாரிகளின் எண்ணிக்கையை ஒரு லாரிக்கு எத்தனை என்ற எண்ணோடு பெருக்கினால் போதும். கணக்கு இன்னும் சுருங்குகிறது, ஆனால் முழு பாரமும், ஒரு லாரிக்கு எந்தப் பாகம் எத்தனை என்று சொல்லும் பாகப் பட்டியலின் மீது விழுகிறது. வடிவமைப்புப் பிரிவு ஒரு லாரிக்கு 4 என்பதை 6 என்று மாற்றிவிட்டுப் பட்டியலைத் திருத்த மறந்தால், அன்றிலிருந்து ஒவ்வொரு லாரிக்கும் 2 பாகத்துக்குப் பணம் போகாது. பொருத்தும்போது உடைந்ததும் எண்ணில் வராது. இந்த முறையைத் தொடங்கும் முன், உடைந்த பாகத்தைப் போட ஒரு தனிப் பெட்டி, அதை ஷிப்ட் முடிவில் எண்ணிப் பதிய ஒரு ஆள், சப்ளையரோடு சேர்ந்து மாதம் ஒரு முறை இருப்பை எண்ணும் தேதி என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.